நாலாவது வீட்டிலும் கார் நின்றது

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களால் திரும்பிப் போக முடியவில்லை.

முதலிலிருந்து எழுத வேண்டும். நாமக்கல்லிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் மோகனசுந்தரம். கோழித் தீவனக் கம்பெனியில் விற்பனை வேலை, பண்ணை பண்ணையாகச் சுற்றுவார். அம்மா பெயர் நல்லம்மாள். பேருக்கு ஏற்ற முகம். கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் அம்மா மனசில் அப்போதே என் கல்யாணம் முடிந்துவிட்டது.

"சேலத்துல கார் கம்பெனியில வேலைன்னாங்க. கணக்கு எழுதறயா கண்ணு?"

"இல்லீங்க. கார்ல கரண்டு வேலை. வயரிங், சென்சார், அதெல்லாம் பாப்பேன்."

நல்லம்மாள் என் கையைப் பார்த்தார். அம்மா நேற்றே எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்க வைத்திருந்தார். அப்படியும் கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு போகவில்லை. அதை மறைக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டுத் தன் கையைத் திருப்பிக் காட்டினார். அவர் நகத்திலும் மஞ்சளாகத் தீவனத் தூள்.

கிளம்பும்போது நல்லம்மாள் என் கன்னத்தைத் தொட்டு, "போன் பண்றோம் கண்ணு" என்றார். காரில் ஏறினார்கள். சாவியைத் திருப்பினார். சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். பெட்ரோல் வாடை எங்கள் வாசல்படி வரை வந்துவிட்டது.

முன் சீட்டிலிருந்த நல்லம்மாள் முகம் வெளுத்துப் போய்விட்டது. "நாலாவது வீடுடா மோகா. நாலாவது வீடு."

நான் உள்ளேயே இருந்திருக்க வேண்டும். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுக்கத்தான் செய்தார். ஆனால் ஒரு என்ஜின் அப்படி மூச்சுத் திணறுவதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? பட்டுச்சேலையோடு போய் ஜன்னலில் குனிந்தேன்.

"வர்ற வழியில பெட்ரோல் போட்டீங்களா?"

"ஆமாங்க, உங்க ஊரு பங்க்லதான். எப்படித் தெரியும்?"

"மூக்கு இருக்குதுங்களே. ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டே சாவியத் திருப்புங்க. பிடிக்கற வரைக்கும் கால எடுக்காதீங்க."

இருமி, உதறி, ஒரு பெரிய கறுப்புப் புகையை எதிர்வீட்டு வெள்ளை வேட்டிமேல் விட்டுவிட்டு வண்டி உயிர் பெற்றது.

"என்ன பண்ணினீங்க?" மோகனசுந்தரத்தின் கண் விரிந்திருந்தது.

"ஒண்ணும் பண்ணல. உள்ள பெட்ரோல் ஆவி நெறஞ்சு போச்சு. காத்து விட்டோம், அவ்ளோதான்."

மீட்டர் பலகையில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் போன பிறகும் அந்த விளக்கே என் நினைவில் நிற்கிறது. விளக்கு மட்டும்தான்.

ஜூன் 12, புதன்

தரகர் போன் பண்ணினார். ஜாதகம் பொருந்தவில்லையாம்.

"ஜாதகம் பாத்துட்டுத்தானே வந்தாங்க?" என்று அம்மா பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவராம். பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் கார் நின்றுவிடுகிறதாம். நின்ற இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று வைத்திருக்கிறாராம்.

அம்மா அரிசி களைந்த தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினார். முப்பத்துமூன்று வயதில் பட்டுச்சேலையோடு பானெட் பக்கம் போன நான்தான் காரணம் என்பது அவர் கட்சி. நான் பானெட்டைத் திறக்கவே இல்லை.

எத்தனையோ காரணத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உயரம், சம்பளம், அப்பா இல்லாதது. பெட்ரோல் ஆவிக்காக வேண்டாம் என்று சொன்னவர்கள் இவர்கள்தான் முதல். கோபம் வரவில்லை. குளியலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

மோகனசுந்தரம் நான் வேலை பார்க்கிற சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டு என்னைக் கேட்டிருக்கிறார். காரைப் பற்றித்தான் பேசினோம். காரைப் பற்றி மட்டும்தான்.

ஜூன் 15, சனி

தலைக்குக் குளித்தேன். கிரீஸ் வாடை போகட்டும் என்று.

ஜூன் 16, ஞாயிறு

போனில் சொன்னபடி அவர் காரோடு வந்தார். அம்மா திண்டாடிப் போய்விட்டார். திட்டுவதா, டீ போடுவதா? டீ போட்டுக்கொண்டே அடுப்பங்கரையில் திட்டினார். "வேண்டாம்னு சொன்னவன் வண்டிக்கு நீ ஏன்டி பரிகாரம் பண்ற?"

அதை அவர் கேட்டுவிட்டார். டீயை வாங்கிக்கொண்டு, "தப்புத்தாங்க. நான் வேண்டாம்னு சொல்லலீங்க" என்றார். அம்மா பிஸ்கட்டும் எடுத்து வந்தார்.

வண்டியின் கதையை வேப்பமர நிழலில் நின்று கேட்டேன். நாமக்கல்லில் ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்களாம். பிறகு பர்ஜ் வால்வை மாற்றினார்கள். மறுபடியும் அதே வால்வை மாற்றினார்கள். இப்போது என்ஜின் கம்ப்யூட்டரே போய்விட்டது என்கிறார்கள்.

"பர்ஜ் வால்வுன்னா என்னங்க? ரெண்டு தடவை மாத்தியும் எனக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது."

காட்டினேன். டேங்கில் எழும்புகிற பெட்ரோல் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைத்திருக்கும். என்ஜின் ஓடும்போது இந்த வால்வு திறந்து, அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினுக்கு எரிக்கக் கொடுக்கும். மூடவேண்டிய நேரத்தில் திறந்தே கிடந்தால் ஆவி மொத்தமாக உள்ளே போய் என்ஜின் திணறும். பெட்ரோல் போட்ட உடனே ஆவி அதிகம், அதனால் திணறலும் அதிகம்.

"தீவனம் கொட்டற மூடிய மூடலைன்னா கோழி தின்னே சாகறாப்புல."

நான் பத்து வருஷமாக இதைப் பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை. இது வெறும் தகவலுக்காக எழுதுகிறேன்.

சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கி வந்த ஸ்கேனரை மாட்டினேன். பழுதாகப் பதிவாகியிருந்தது வால்வு இல்லை, வால்வுக்குப் போகிற வயர் இணைப்பு. அந்தப் பட்டறைக்காரர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வால்வை மாற்றியிருக்கிறார்கள். வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். காற்று போகாமல் மூடியிருந்தது, சரி. மீட்டரில் வைத்தேன், சரி. அதற்கு இரண்டு வயர். ஒன்றில் சாவி போட்டதும் கரண்ட் வர வேண்டும், வந்தது. இன்னொன்றைக் கம்ப்யூட்டர் எர்த் பண்ணும்போதுதான், அதாவது வண்டி இரும்போடு சேர்க்கும்போதுதான், வால்வு திறக்கும், அதுவும் சரி. எல்லாம் சரி! அவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நம்பர் படித்தார். ஒவ்வொரு நம்பரையும் பரீட்சை ரிசல்ட் மாதிரி சொன்னார். வண்டியைத் தனியாக ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

"நான் தனியா போனா எப்பவும் நல்லாத்தான் ஓடுதுங்க. பட்டறைக்குக் கொண்டு போனாலும் நல்லாத்தான் ஓடும்."

பழுது கிடைக்கவில்லை. அதனால் அடுத்த ஞாயிறும் வரச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வேறு வழியில்லை.

ஜூன் 19, புதன்

புது சுடிதார் ஒன்று எடுத்தேன். துணிக்கடை பஸ் ஸ்டாண்டு வழியில்தான் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

நானும் கூட உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அம்மா என் தலையில் பூவை வைத்தார். கார் டெஸ்டுக்கு எதற்குப் பூ என்று கேட்டேன். "வண்டிக்கு" என்றார்.

என் டூல்ஸ் பெட்டி கனமானது. அதைக் காலடியில் வைத்து, மடியில் ஸ்கேனரோடு உட்கார்ந்தேன். பைபாஸ் ஏறும் முன்னாலேயே என்ஜின் உதறத் தொடங்கி மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. நான் கத்திய கத்தலில் அவர் பிரேக் போட்டுவிட்டார்.

"என்னாச்சுங்க?"

"விளக்கு எரியுதுங்க! எரியுது!"

"அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

பங்கில் பெட்ரோல் போட்டோம். கிளப்பவே முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் இறங்கிச் சிரித்துக்கொண்டே தள்ளினோம். பங்க் ஆட்கள் எங்களை எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்தார்களோ.

ஓரமாக நிறுத்தி, வால்வின் இணைப்பைக் கழற்றி, டெஸ்ட் லேம்பைப் பேட்டரிக்கும் அந்த இரண்டாவது வயருக்கும் நடுவில் மாட்டினேன். எரிந்தது. கம்ப்யூட்டர் எர்த் பண்ணாதபோது எரியக் கூடாது. கம்ப்யூட்டரைக் கழற்றினேன், அப்போதும் எரிந்தது. அப்படியென்றால் கம்ப்யூட்டர்மேல் பழி இல்லை. வழியில் எங்கேயோ வயர் இரும்பைத் தொடுகிறது. கம்ப்யூட்டர் இருப்பது முன் சீட்டு டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால். வயர் அங்கிருந்து கால் மிதியடிக்கு அடியில் போகிறது. டூல்ஸ் பெட்டியை எடுத்தேன்.

லேம்ப் அணைந்தது.

வைத்தேன். எரிந்தது.

மிதியடியைத் தூக்கினோம். மக்காச்சோளத் தூள். பண்ணைகளுக்கு அவர் கொண்டுபோகிற தீவனச் சாம்பிள் பையிலிருந்து சிந்தியது. அதைத் தின்ன வந்த எலி வயரின் தோலையும் தின்றிருக்கிறது. செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மேலே கனம் வைத்தால் தரை இரும்பில் போய் ஒட்டும்.

"உங்க வண்டியில முன்னாடி யாரு உக்காருவாங்க?"

"எப்பவாச்சும் அம்மா மட்டுந்தான். பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்னு முன்னாடி வருவாங்க. கோயிலுக்கெல்லாம் பஸ்ல போயிடுவாங்க. கார்ல வர்றது பொண்ணு பாக்க மட்டும்..."

அதோடு நிறுத்திவிட்டார்.

"கால எப்படி வெப்பாங்க?"

அவர் என்னைப் பார்த்தார், மிதியடியைப் பார்த்தார். அப்படியே காரின் பக்கவாட்டில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் மூச்சு வரவில்லை. "லாரி எதுக்க வந்தா கால அழுத்தி பிரேக் போடுவாங்க. இல்லாத பிரேக்க! கிளப்பும்போது 'நிக்கக் கூடாது முருகா'ன்னு ரெண்டு காலையும் ஊனிக்குவாங்க!"

பைபாஸ் ஓரம், வெயில், தலையில் பூ, கையில் டெஸ்ட் லேம்ப். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. பழுது கிடைத்த சந்தோஷம்.

அதே ஞாயிறு, விட்டுப்போனது

திரும்பி வரும்போது நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

அவர் சொன்னார்: "இப்பவே வயர சரி பண்ணிடுங்க. அடுத்த வாரம் அம்மாவக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு மறுபடியும் வர்றேன். கார் ஒரு தடவைகூட நிக்காது. நீங்க ராசியான பொண்ணுன்னு அம்மாவே சொல்லிடுவாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்."

என்ன முடிப்பது என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் காது சூடானது. ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது.

"அப்புறம் ஒரு நாள் டயர் பஞ்சர் ஆனா?"

"என்னங்க?"

"கல்யாணத்துக்கு அப்புறம் பஞ்சர் ஆனா நான் ராசி கெட்டவ ஆயிடுவேனா? உங்க கோழிக்குச் சீக்கு வந்தா? மழை பெய்யலைன்னா?"

"பொய் சொல்லச் சொல்லலீங்க. சும்மா இருந்தாப் போதும்."

"எனக்கு முன்னாடி மூணு பொண்ணுங்க இருக்காங்க. அவங்க சும்மாதான் இருந்தாங்க."

வயரை நான் தொடவில்லை. உங்கள் அம்மாவைக் கூட்டி வாருங்கள், காட்டிவிட்டுச் சரி பண்ணுகிறேன் என்றேன். அவர் என்னை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தனியாகப் போனதால் வண்டி அருமையாக ஓடியது.

ஜூன் 26, புதன்

போன் இல்லை. நல்லது. வேலை நிறைய.

ஜூன் 29, சனி

ஒரு கஸ்டமரின் வண்டியில் வைப்பர் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டிய கூலண்டை ஊற்றிவிட்டேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. வெயில் அதிகம்.

அம்மா கேட்டார்: "சண்டையா?"

"யார்கூட? காரோடவா?"

ஜூலை 2, செவ்வாய்

போன் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

மெசேஜ் வந்தது. "ஞாயிறு அம்மாவோட வர்றேன். நீங்க சொன்னதுதான் சரி. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, நீங்களே காட்டுங்க."

வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். காரணம் ஒன்றும் இல்லை, ஒட்டடை இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

இன்றைக்கு நடந்தது நிறைய. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வந்தார்கள். நல்லம்மாள் காரிலிருந்து இறங்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குள் எப்படி வருவது என்ற சங்கடம். அதுவும் வசதியாகப் போயிற்று. "அப்படியே உக்காருங்கம்மா" என்றேன். பானெட்டைத் திறந்து, டெஸ்ட் லேம்பின் வயரை ஜன்னல் வழியாக இழுத்து, விளக்கை அவருக்கு எதிரே டேஷ்போர்டுமேல் வைத்தேன்.

"அம்மா, இப்ப கால அழுத்துங்க. லாரி வருதுன்னு நெனச்சுக்குங்க."

அழுத்தினார். விளக்கு எரிந்தது.

"எடுங்க."

அணைந்தது.

"மறுபடியும்."

எரிந்தது. நல்லம்மாள் மகனைப் பார்த்தார். தானாகவே அழுத்தினார், எடுத்தார். ஒற்றைக் காலில் அழுத்தினார். கட்டைவிரலால் மட்டும் அழுத்தினார். சின்னப் பிள்ளை மாதிரி பளிச் பளிச்சென்று போட்டுப் போட்டு அணைத்தார். வாசலில் நின்ற எங்கள் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

மிதியடியைத் தூக்கிக் காட்டினேன். எலி, சோளம், வயர், எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கால் மெதுவாக நின்றது.

"அப்ப நிறுத்துனது நானா?"

மோகனசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் புள்ளைங்கள நான் வேண்டாம்னு..." என்று தொடங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அழுகிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. கை பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார்.

குடித்து முடித்து நல்லம்மாள் நிமிர்ந்தார். "ரெண்டு புள்ளைங்களுக்கு அப்பவே கல்யாணம் ஆயிருச்சு. திருச்செங்கோட்டுப் புள்ளைக்கு இன்னும் ஆகல. மோகா, வண்டிய எடு. நீயும் வா அம்மிணி. எனக்கு வயரு கதை முழுசா சொல்லத் தெரியாது."

வயரைச் சரி பண்ணாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றேன். கடித்த இடத்தை வெட்டி, புது வயர் சேர்த்து, உறை போட்டு, காலுக்கு எட்டாத உயரத்தில் கட்டினேன். அம்மா நீட்டிய கேசரியை நல்லம்மாள் வேண்டாம் என்றார். அதிலிருந்தே எவ்வளவு கஷ்டத்தில் இருந்தார் என்று தெரிந்தது.

திருச்செங்கோட்டுப் பெண்ணின் பெயர் ஹேமாவதி. பேங்கில் வேலை. கதவைத் திறந்ததும் முகம் இறுகிவிட்டது. நல்லம்மாள் வாசலில் நின்றே எல்லாம் சொன்னார், நடுநடுவே வயர் வரும் இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். காலை அழுத்திய கதைக்கு ஹேமாவதி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்கிட்ட சொல்லி என்னங்க பிரயோஜனம்? எனக்குத் தெரியாதா நான் காரை நிறுத்தலைன்னு? எங்க பெரியப்பாதான் கடைத்தெரு பூரா சொல்லிட்டிருக்கார். நான் கால் வெச்ச எடம் வெளங்காதாம். அதுக்கப்புறம் வர்றதா இருந்த ரெண்டு எடமும் வரவே இல்ல. முடிஞ்சா அவர்கிட்ட சொல்லுங்க."

"எங்க இருப்பாரு?"

"போர்வெல் போடற ரிக் வண்டிங்க நிக்கிற ஸ்டாண்டுல, டீக்கடையில."

நல்லம்மாள் திரும்பி நடந்தார். செருப்பு தெருவில் படபடவென்று அடித்தது. மோகனசுந்தரம் பின்னால் ஓட, நான் ஓட, ஹேமாவதி துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஓடி வந்தாள்.

டீக்கடையில் பத்து இருபது பேர். பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நல்லம்மாள் அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, என்னைத் தெரியுதுங்களா? உங்க தம்பி மகளப் பொண்ணு பாக்க வந்தவ. கார் நின்னுச்சுன்னு வேண்டாம்னு சொன்னவ."

"தெரியுது. உக்காருங்க."

"உக்கார வரலீங்க. கார நிறுத்துனது அந்தப் புள்ளை இல்ல. நானு. இந்தக் காலு." சேலையைக் கணுக்கால் தெரியத் தூக்கி, காலைத் தரையில் ஓங்கி ஊன்றிக் காட்டினார். "எலி கடிச்ச வயர மிதிச்சுப்போட்டு, சகுனம்னு சொல்லி ஒரு புள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டேன். இந்த அம்மிணி லைட்டுப் போட்டுக் காட்டுச்சு. நீங்க ஊரு பூரா சொன்னீங்கள்ல? இதையும் ஊரு பூரா சொல்லோணும். சொல்லலைன்னா வாரா வாரம் இதே எடத்துல வந்து நான் சொல்லுவேன். எனக்கு இப்ப வண்டி நல்லா ஓடுது."

யாரோ ஒரு ரிக் டிரைவர் கை தட்டினார். ஹேமாவதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நல்லம்மாள் பக்கத்தில் நின்று பெரியப்பாவை நேராகப் பார்த்தாள். அவர் பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். "தப்புத்தான் சாமி" என்றார், கொஞ்சம் சின்னக் குரலில். "சத்தமா" என்றார் நல்லம்மாள். அவர் சத்தமாகச் சொன்னார்.

டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ போட்டார். நல்லம்மாளும் ஹேமாவதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் தெருவோரம் நின்று அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு என்று தெரிந்த அன்றைக்கே வண்டி ஏறி வந்து, தெரு நடுவில் காலைத் தூக்கிக் காட்டுகிற மனுஷி. இப்படி ஒரு ஆள் இருக்கிற வீட்டில் டயர் பஞ்சரானால் பஞ்சர்தான் ஒட்டுவார்கள்.

மோகன் இரண்டு டீயோடு வந்தார். இவ்வளவு நாளாக மோகனசுந்தரம் என்று முழுசாக எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது சின்னதாகிவிட்டது. ஒரு டம்ளரை நீட்டினார். டீ பாதி அவர் விரலில் வழிந்துகொண்டிருந்தது.

"சரிங்க" என்றேன்.

"எதுக்குங்க சரி?"

"நீங்க இன்னும் கேக்கலைல்ல, அதுக்கு."

மீதி டீயும் கொட்டிப்போயிற்று.